மொத்தத்தில் நல்லவர்

வரலாறு இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே தபால் நிலையம், முதல் மாடியில் எடைக்கல்லுக்கு முத்திரை குத்தும் அலுவலகம், அதற்கு மேலே வரலாறு. காலையில் திறப்பார்கள், மதியம் சாப்பாட்டுக்கு மூடுவார்கள். லிஃப்ட் அடுத்த ஆட்சியில் சரியாகும் என்று எழுதி ஒட்டியிருந்தது. எந்த ஆட்சியில் ஒட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அதன் முழுப்பெயர் முன்னாள் அதிபர்கள் மதிப்பீட்டு மன்றம். சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் ஊரில் எல்லோரும் வரலாறு என்றே சொன்னார்கள். பதவியை விட்டு இறங்கிய அதிபர்கள் எல்லோரும், வாசலில் மறித்துக் கேள்வி கேட்டவர்களைப் பார்த்து, "என்னைப் பத்தி வரலாறு தீர்ப்பு சொல்லும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். நாலைந்து பேர் இப்படிச் சொல்லிப் போன பிறகுதான் நாடாளுமன்றத்தில் ஒருவருக்கு உறைத்தது: நாட்டில் அப்படி ஓர் அலுவலகமே இல்லை. இத்தனை பெரிய மனிதர்கள் நம்பிப் போயிருக்கிறார்கள், நட்டாற்றில் விடலாமா? உடனே சட்டம் போட்டார்கள். தலைவர் வந்தார், உறுப்பினர்கள் வந்தார்கள், அவர்களுக்குக் கார்கள் வந்தன, கார்களுக்கு நிழல் கூரை வந்தது. உறுப்பினர்களை நியமிக்கும் உரிமை, இறங்கப் போகிற அதிபருக்கே தரப்பட்டது. தன்னை நன்றாகத் தெரிந்தவர்கள் யார் என்று அவருக்குத்தானே தெரியும்.

அந்த மாடிப்படியில்தான் ஒரு நாள் கடைக்காரம்மா மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் சோப்பும் தீப்பெட்டியும் பருப்பும் விற்கிற சின்னக் கடை அவளுடையது. கணவர் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். விடுகிறவராக இருந்தவர் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் இப்போது அவர் சிறையில் இருந்தார். திருடவில்லை, அடிக்கவில்லை. போன அதிபரின் கூட்டத்துக்கு மைக் கட்டினார், அவ்வளவுதான். அதிபர் மேடையேறி, "என் ஆட்சியில ஒரு குறை, ஒரே ஒரு குறை சொல்லட்டும் பாப்போம்" என்று கையை ஓங்கினார். அந்த நேரம் பார்த்து மைக் 'ஊ' என்று நீளமாக ஊளையிட்டது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மைக்கைக் கொண்டுபோனால் அப்படித்தான் கத்தும். கொண்டுபோனவர் அதிபர். ஆனால் மைதானமே சிரித்துவிட்டது. மைதானத்தைப் பிடித்து உள்ளே போட இடம் போதாது என்பதால் மைக்செட்காரரைப் போட்டார்கள்.

குற்றம்: அதிபரைப் பார்த்து மின்சாரத்தின் துணையோடு ஊளையிட்டது. தண்டனை: அதிபரின் மனம் மாறும் வரை சிறை.

அதிபரின் மனம் மாறுவதற்குள் அதிபரே மாறிவிட்டார். தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போனார். கடைக்காரம்மா அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். மறுநாளே புதிய அதிபரின் அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே ஒரு அதிகாரி மிகவும் கனிவாகப் பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் மேல எங்க அதிபருக்குக் கோபமே கிடையாதும்மா."

"அப்ப விட்டுடுங்களேன் ஐயா."

"மனசு மாறினாத்தானே விட முடியும்? கோபமே இல்லாத மனசு எப்படி மாறும்? நீங்களே சொல்லுங்க."

"பழைய ஐயாகிட்டக் கேக்கட்டுமா?"

"அவரு மனசுக்கு இப்ப அதிகாரம் கிடையாது. அவர் ஆட்சி நல்ல ஆட்சியா, கெட்ட ஆட்சியான்னு வரலாறு முடிவு பண்ணணும். கெட்டதுன்னு சொல்லிட்டா அவர் போட்ட உத்தரவெல்லாம் ரத்து. நல்லதுன்னு சொல்லிட்டா எல்லாம் சரிதான்னு ஆயிடும், அப்புறம் யாரும் தொட முடியாது. சீக்கிரம் போங்க, விசாரணை ஆரம்பிக்கப் போகுது."

அப்படித்தான் கடைக்காரம்மா வரலாற்றின் வாசலில் வந்து நின்றாள். செயலர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். அதை மறுக்க முடியாது, காது கொடுத்துக் கேட்பதில் அவர் கெட்டிக்காரர்.

"பாவம்தான்" என்றார். "ஆனா பாருங்க, நாங்க எதையுமே மொத்தத்தில்தான் பாப்போம். மொத்தத்தில் நல்லவர், மொத்தத்தில் துணிச்சல்காரர், மொத்தத்தில் பெரிய மனுஷர். இந்த மூணுல ஒண்ணு. உங்க விஷயம் சில்லறை."

"என் கடையே சில்லறைக் கடைதாங்க" என்றாள் அவள், அது ஒரு தகுதியாக இருக்கலாம் என்ற நினைப்பில். "சில்லறையெல்லாம் சேர்ந்தாத்தானே மொத்தம் வரும்?"

"அது கடையில" என்றார் செயலர் பெருமையாக. "இங்க மொத்தத்த முதல்ல முடிவு பண்ணிடுவோம். சில்லறைய அதுக்கு ஏத்த மாதிரி சரிபண்ணிக்குவோம்."

அவள் அழுகையை அடக்கிக்கொண்டு படியிறங்கத் திரும்பியபோதுதான் செயலருக்கு ஏதோ தோன்றியது. "ஒரு நிமிஷம். நீங்க அரசாங்க வேலையில இருக்கீங்களா? இல்லையா? கட்சி? அதுவும் இல்லையா?" அவர் முகம் மலர்ந்தது. உள்ளே ஓடினார். "பொதுமக்கள் வந்திருக்காங்க! பொதுமக்கள் தானாவே மாடி ஏறி வந்திருக்காங்க!" என்று அவர் கத்துவது வெளியே கேட்டது.

விசாரணையில் பொதுமக்கள் கலந்துகொள்ள வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. எத்தனை பேர் என்று இல்லை. இதுவரை வந்த எந்த அதிபருக்கும் பொதுமக்கள் கிடைக்காமல், வாசலில் நின்ற கார் ஓட்டுநருக்குச் சட்டை மாற்றி உட்கார வைத்து ஒப்பேற்றியிருந்தார்கள். இப்போது அசல் பொதுமக்களே கிடைத்துவிட்டார்கள். அவள் சேலையில் 'பொதுமக்கள்' என்று அட்டை குத்தினார்கள். டீ கொடுத்தார்கள். முன்வரிசையில், கை வைத்த நாற்காலி போட்டார்கள்.

அவளும் வந்தாள். தினமும் கடையைப் பக்கத்துத் தையல்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள். இவர்கள் எல்லாம் படித்தவர்கள், உண்மையைத் தோண்டி எடுத்தே தீருவார்கள், எங்கேயாவது ஓர் இடத்தில் மைக்செட் விஷயம் வந்தே தீரும் என்று நம்பினாள்.

முதலில் புத்தகங்களை நிறுத்தார்கள். முன்னாள் அதிபரைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களையெல்லாம் கீழ் மாடியிலிருந்து தராசு கொண்டுவந்து எடை போட்டார்கள். புகழ்ந்தவை ஒரு தட்டில், திட்டியவை ஒரு தட்டில். புகழ்ந்தவை எல்லாம் கெட்டி அட்டை போட்டவை, அரசாங்கம் அச்சடித்தவை. திட்டியவை மெல்லிசுத் தாள். தராசு டங் என்று ஒரு பக்கம் சாய்ந்தது. உறுப்பினர்கள் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவர் முன்னாள் அதிபரின் சம்பந்தி. நடுநிலை தவறக்கூடாது என்பதற்காக, எடை போடும்போது அவர் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

பிறகு தவறுகளை எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரம்மா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"பாலம்" என்றார் செயலர்.

"அவர் காலத்தில கட்டினது" என்றார் தலைவர். "அவர் காலத்தில விழல. சாதனையில எழுதுங்க."

"பத்திரிகைகள மூடினது?"

"மக்களுக்கு அமைதியான காலை நேரத்தக் கொடுத்தார்."

"ஊரடங்கு?"

"குடும்பங்கள ஒண்ணு சேத்தார்" என்றார் சம்பந்தி, குரல் தழுதழுக்க. "அந்தக் காலத்தில என் பையனே வீட்ல சாப்பிட்டான்."

மைக்செட் வரவில்லை. அவள் கையைத் தூக்கினாள். பொதுமக்கள் கை தூக்கினால் என்ன செய்வது என்று விதியில் இல்லாததால், உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அன்று மாலை தலைவர் அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். வழுக்கைத் தலையும் வெள்ளைச் சட்டையுமாக, பார்க்க நல்ல மனிதர். "இதப் பாருங்கம்மா. பதவியில இருக்கறப்ப எல்லாரும் கெட்டவங்கதான். வீட்டுக்குப் போன ஒரு வருஷத்தில, 'அவ்வளவு மோசம் இல்ல'ன்னு பேசிக்குவாங்க. அடுத்தவர் ஆள ஆரம்பிச்சதும், 'அவரே பரவால்ல' ஆயிடும். நாய்க்குட்டியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு போட்டோ வந்தா 'என்ன மனுஷன்யா'ன்னு கண்ணீர் விடுவாங்க. செத்துட்டா தெருவுக்குப் பேர். இதுல நாங்க செய்ய என்ன இருக்கு? கூட நடந்து போறோம், அவ்வளவுதான்."

"அவரு போட்டு வச்ச ஆளு இன்னும் உள்ளயே இருக்காரே ஐயா. அவருக்கு மட்டும் வருஷம் போகலியே."

தலைவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு ஒரு வழி சொன்னார். தீர்ப்பு நாளன்று 'மொத்தத்தில் நல்லவர்' என்று வாசித்ததும் பொதுமக்கள் தாமாக எழுந்து நிற்க வேண்டும். அதுதான் ஒப்புதல். அது வரைக்கும் முன்னாள் அதிபரும் நின்றுகொண்டே இருப்பார், வரலாற்றின் முன் அப்படித்தான் நிற்க வேண்டுமாம். அவள் எழுந்துவிட்டால், விழாவின் மகிழ்ச்சியை முன்னிட்டு மைக்செட்காரருக்கு மன்னிப்பு. அன்றைக்கே வீட்டுக்கு.

"எந்திரிச்சு நின்னா போதுமா?"

"நின்னா போதும். பேசவே வேணாம். பேசாம இருந்தா இன்னும் நல்லது."

மறுநாளே அவள் சிறைக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கணவர் வந்து நின்றார். மெலிந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"மன்னிப்பா? எதுக்கு? நான் ஊளை விட்டேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. மைக்குதான் கத்துச்சு. நான் விட்டிருந்தாலாவது ஒரு திருப்தி இருந்திருக்கும்."

"உங்க மைக்குக் கதைய வச்சு நான் என்ன பண்றது?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாயங்காலம் ஷட்டர இழுத்து மூட முடியல. தோள்பட்டை கழண்டு போகுது. தையல்காரர் வந்து இழுத்துக் குடுக்கறாரு, தெருவே வேடிக்கை பாக்குது. எனக்கு நீங்க வேணும். நல்லவரா வந்தாலும் சரி, கெட்டவரா வந்தாலும் சரி."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டார். "நீ எந்திரிச்சா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றார். "நிஜமா சொல்றேன். உன் இஷ்டம்."

திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அவள் அழுதாள். அவர்மேல் கோபம், வரலாற்றின்மேல் கோபம், அந்தப் பாழாய்ப்போன மைக்கின்மேல் கோபம். இறங்கும்போது முடிவு செய்துவிட்டாள். எழுந்து நிற்பது. பஸ்ஸில் கண்டவனுக்கெல்லாம் எழுந்து இடம் கொடுக்கவில்லையா, அப்படி நினைத்துக்கொண்டால் போயிற்று.

தீர்ப்பு நாள் வந்தது. மாலைகள், கேமராக்கள், டை கட்டிய விருந்தினர்கள். முன்னாள் அதிபர் மெதுவாக நடந்து வந்து, வழக்கப்படி பொதுமக்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். தீர்ப்புக்குப் பிறகு அவர் உட்கார வெல்வெட் நாற்காலி ஒன்று அருகிலேயே காத்திருந்தது. ஆள் தளர்ந்துபோயிருந்தார். பவுடர் வாசனை அடித்தது. தலைவர் நீளமாகப் பேசிக்கொண்டிருக்க, அவர் குனிந்து கடைக்காரம்மாவிடம் கிசுகிசுத்தார்.

"நீங்கதான் பொதுமக்களா? ரொம்ப சந்தோஷம். நேர்ல பாத்ததே இல்ல."

அவள் பேசக்கூடாது என்றுதான் இருந்தாள். வாய் நிற்கவில்லை. "ஐயா, அந்த மைக்செட்காரர் என் வீட்டுக்காரர்."

"எந்த மைக்செட்?"

அவள் சொன்னாள். கூட்டம், ஊளை, சிறை எல்லாம் சொன்னாள். அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"அதுக்குப் போயா உள்ள போட்டேன்? அன்னிக்கு எனக்குப் பல்வலிம்மா. எத நீட்டினாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"மனசு மாறும் வரைன்னு எழுதியிருக்கீங்களே ஐயா."

"அது மறுநாளே மாறியிருக்குமே. பல்லப் புடுங்கிட்டாங்க. நான் மறந்தே போயிட்டேன்."

"அப்ப ஏன் விடல?"

"யாரும் வந்து ஞாபகப்படுத்தலியே."

"நான் வந்தேன் ஐயா" என்றாள் அவள். "உங்க மாளிகை கேட்டுக்கு எத்தனையோ தடவை வந்தேன். மழையில நின்னேன். காவல்காரன் விரட்டினான்."

"கேட்டுக்கு வர்றவங்கள நான் பாக்கறதில்லம்மா" என்றார் அவர். அதை அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

மேடையில் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆகவே, புத்தகங்களின் எடையையும் பாலத்தின் உறுதியையும் குடும்பங்களின் ஒற்றுமையையும் கருதி, இவர் மொத்தத்தில் நல்லவர் என இம்மன்றம் தீர்மானிக்கிறது. பொதுமக்கள் எழுந்து நிற்கவும்."

அவள் கால்கள் எழ மறுத்தன என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் கால்கள் நன்றாகத்தான் இருந்தன. அவள்தான் எழவில்லை.

தலைவர் மறுபடி வாசித்தார். காது கேட்கவில்லையோ என்று செயலர் வந்து குனிந்து சொன்னார். "பொதுமக்கள் எந்திரிக்கணும்மா."

"பொதுமக்கள் உக்காந்திருக்காங்க" என்றாள் கடைக்காரம்மா.

கூட்டத்தில் சலசலப்பு. கேமராக்கள் திரும்பின. தூக்கி நிறுத்திவிடலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். தாமாக எழ வேண்டும் என்று விதி இருப்பதைச் செயலர் கையைப் பிசைந்தபடி சொன்னார். சம்பந்திக்கு ஒரு யோசனை தோன்றியது. "தீ! தீ!" என்று கத்தினார். விருந்தினர்களும் உறுப்பினர்களும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள், தலைவர் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். புகையைக் காணோம் என்று ஒவ்வொருவராகத் திரும்பி வந்தபோது அவள் அதே நாற்காலியில் இருந்தாள். தீர்ப்பு வராமல் நகரக்கூடாது என்பதால் முன்னாள் அதிபரும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா வேணும் உங்களுக்கு?" தலைவரின் கனிவு காணாமல் போயிருந்தது. "மன்னிப்புதான் குடுக்கறோமே!"

"மன்னிப்பு வேணாம். அவர் ஊளை விடலன்னு எழுதுங்க. பல்வலியில போட்டேன்னு ஐயாவே சொல்லிட்டாரு, அதையும் எழுதுங்க. அப்புறம் எந்திரிக்கறேன்."

"ஒருத்தருக்கு எழுத ஆரம்பிச்சா, உள்ள போனவங்க வீட்டாளுங்க எல்லாரும் வந்துடுவாங்க. வரலாறு தாங்குமா?"

"வரட்டும்" என்றாள் அவள். "நாற்காலி போடுங்க."

முன்னாள் அதிபருக்கு முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. வெல்வெட் நாற்காலியை ஏக்கமாகப் பார்த்தார். கடைசியில் அவரே பொறுமை இழந்தார். "அந்த ஆள விட்டுத் தொலைங்கய்யா! என் மனசு மாறிடுச்சு!"

"மன்னிக்கணும் ஐயா" என்றார் செயலர் பணிவாக. "சட்டப்படி உங்களுக்கு இப்ப மனசு கிடையாது. நீங்க முன்னாள். உங்க மனசும் முன்னாள்."

வேறு வழியில்லாமல் மைக்செட்காரரையே கூட்டி வரச் சொன்னார்கள். கணவர் சொன்னால் கேட்பாள் என்பது தலைவரின் கணக்கு. சிறைச் சட்டையோடு, ஒரு காவலர் பின்தொடர, அவர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது மதியம் தாண்டியிருந்தது. தலைவர் ஓடிப்போய் அவர் தோளில் கை போட்டார்.

"உங்க மனைவிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவங்க எந்திரிச்சா, நீங்க இப்படியே வீட்டுக்குப் போகலாம். வாசல்ல கார் நிக்குது."

கடைக்காரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை காலத்துக்குப் பிறகு நடுவில் வலை இல்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். எழுந்தால் போதும்.

"நீங்க சொன்னா எந்திரிச்சுடறேன்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெரிய மனிதரைப் பார்த்தார்.

"காலையிலேருந்தா உக்காந்திருக்க?"

"ம்."

"ஏதாவது சாப்ட்டியா?"

"டீ குடுத்தாங்க. வேணாம்னுட்டேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தலைவரின் கையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு, வெல்வெட் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். நாற்காலி மெத்தென்று இருந்தது. பொதுமக்கள் இரண்டு பேராகிவிட்டதைச் செயலர் கவலையோடு கவனித்தார்.

முன்னாள் அதிபர் குனிந்தார். "நீதானாப்பா அது?"

"நான்தான். ஆனா ஊளை நான் விடல."

"தெரியும்ப்பா" என்றார் அவர், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"சத்தமா சொல்லுங்க" என்றாள் கடைக்காரம்மா. "எழுதறவங்களுக்குக் கேக்கணும்."